வலது முழங்கால்

விடிய நாலரைக்குத் தராசு தொங்கும்.
கொக்கியில் கூடை, கூடையில் சூரை,
கூடைக்கு அடியில் என் வலது முழங்கால்.
ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும்,
முள் முக்கால் கிலோ பின்னுக்குப் போகும்.
வாங்குகிறவன் நான், நிறுக்கிறவனும் நான்.
இருட்டு, இரைச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம்.
மீன் கழுவிய உப்புத்தண்ணியை நக்க வரும் மான்களைத் தவிர
எவரும் அவ்வளவு பதிவாய்க் குனிந்து பார்த்ததில்லை.

பதினொரு வருஷம்.

அதே முழங்காலைத்தான்
வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குக் கொண்டுபோனேன்.
பதினாலு தலத்திலும் சீமெந்தில் ஊன்றினேன். தோல் உரிந்தது.
பின்வாங்கில் இருந்த இமெல்டா அன்ரி
"இந்தப் பொடியனுக்கு எவ்வளவு பக்தி" என்றா.
நானும் நம்பினேன்.
அழுகை உண்மையாகவே வந்தது, பொய் சொல்லவில்லை.
அழுத அடுத்தநாள் விடியவும்
கூடைக்கடியில் கால் தானாகப் போய் நின்றது,
பட்டி தெரிந்த மாடு மாதிரி.

இந்தத் தவக்காலத்துக்கு வந்த புதுப் பாதர் மன்னார்ப் பக்கம்,
வலை இழுத்த வீட்டுப் பிள்ளை.
நான் விம்மி விம்மிச் சொல்லி முடிய
அளிக்கு அந்தப் பக்கம் கனநேரம் ஒரு சத்தமுமில்லை.
உத்தம மனஸ்தாப மந்திரத்தை
நாக்கு நுனியில் தயாராய் வைத்திருந்தேன்.
"எத்தினை கிலோ?" என்றார்.

எத்தினை கிலோ.

மகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் மூன்று இரவு எழுதினேன்.
சூரைக் காலம், சாளைக் காலம்,
வாடையில் வள்ளம் இறங்காத மாதங்களைக் கழித்து
பதினேழு பெயர்.
கூட்டி வந்த தொகை
என் மோட்டச்சைக்கிளின் விலையில் மூன்று மடங்கு.
முதலில் மோட்டச்சைக்கிள் போனது.
மகள் இப்போது பள்ளிக்கு நடந்து போகிறாள்.
ஏன் என்று நான் சொல்லவில்லை.
கொப்பி அவளுடையது. வாசித்திருப்பாள்.

சாம்பல்தீவில் றெஜினா.
காசை இரண்டு தரம் எண்ணினாள்.
"இவர் கடலோட போன அந்த வருஷம்,
மகன் கொண்டுவந்த மீனுக்கும் சேர்த்தோ?"
ஓம் என்றேன்.
கதவு சாத்தப்பட்டது, மெதுவாக, சத்தமில்லாமல்.
வெயிலில் அங்கேயே நின்றேன்.
மன்னிப்பில்லாத வாசலில் நிற்கவும்
கால் பழகத்தான் வேண்டும்போல.

கிண்ணியாப் பாலம் தாண்டி உதுமாலெவ்வைக் காக்கா.
தேத்தண்ணி வந்தது. சிரிப்பும் வந்தது.
"தெரியும் தம்பி. அதுக்காகத்தானே
கூடைக்கு அடியில நான் ஈரச்சாக்குப் போடுறனான்."
இரண்டு கள்ளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பாதிக் காசைத் திருப்பி நீட்டினார்.
வாங்குவதா விடுவதா,
கொப்பியில் அதற்குக் கட்டம் இல்லை.

செபமாலைமுத்து போன ஐப்பசியில் செத்துப்போனார்.
வீடு பூட்டு. பிள்ளைகள் எந்த நாட்டிலோ.
அவருடைய நூற்றெண்பது கிலோ
இன்னும் என்னிடம் இருக்கிறது,
அழுகாத மீன்.
பாதரிடம் கேட்டேன், என்ன செய்ய?
"சுமந்துகொண்டு திரி" என்றார்.
ஏழைகளுக்குக் கொடு என்று சொல்வார் என்றிருந்தேன்.
அதையும் கொஞ்சம் கழித்துத்தான் சொன்னார்.

இன்று காலை கரையில் கதை பரவிவிட்டது.
"தள்ளி நில்லும்" என்றான் றெஜினாவின் மகன்,
எல்லாருக்கும் கேட்க.
தள்ளி நின்றேன், ஒரு பாகத் தூரம்.
கூடை தனியே தொங்கியது.
முள் ஆடி, ஆடி, நின்றது.
இருபத்திமூன்றரை என்று உரத்து வாசித்தேன்.
அவன் தானும் வந்து பார்த்தான்.
பார்க்கட்டும்.

சாரத்துக்குள்
முழங்கால் இன்னும் மெல்லத் துடிக்கிறது.
நாளைக்கும் நாலரைக்குத் தராசு தொங்கும்.