இரட்டை எண்ணெய்

புது பம்பு. மாட்டியாகிவிட்டது.
நம்புவது மட்டும் பாக்கி.

சோனாங்குப்பம் முகத்துவாரத்து ஓரம்
பேரலில் தண்ணீர் நிரப்பி
மோட்டாரைக் கழுத்தளவு இறக்கினேன்.
எண்ணெய் டப்பாவில்
மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.
பெட்ரோலிலும் எண்ணெய் கலந்தேன்,
லிட்டருக்கு இருபது மில்லி:
பம்பு பொய் சொன்னாலும் பிஸ்டன் சாகாது.

தேசிங்கு பேசாமல் நின்றான்.
போன மாதம் இருபது பாகத் தண்ணியில்
இறுகிப்போன எஞ்சினோடு
ரெண்டு ராத்திரி மிதந்தவன்.
"எண்ணெய் பார்த்தியா?" என்று நான் கேட்டதும்
"நெறய இருக்கு" என்று அவன் சொன்னதும்
உண்மைதான்.
நாலு நாளாக அது நிறைந்தே இருந்ததை
ரெண்டு பேரும் பார்க்கவில்லை.

மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
உள்தெரியும் குழாயில் ஒரு குமிழி
நகர்ந்தது, நின்றது,
பின்வாங்கி, மறுபடி நகர்ந்தது.
காற்று தீரும்வரை திருகைத் தளர்த்தி வைத்தேன்.

பிறகு புகை.
ஐஸ் உடைக்கிற பெண்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு வைகிற அளவுக்குப் புகை.
வேறொரு நாள் என்றால் கோளாறு.
இன்றைக்கு, ரெண்டு பக்கமிருந்தும் எண்ணெய் வருகிறது
என்பதற்குச் சாட்சி.

நாற்பது நிமிஷம் கழித்து அணைத்தேன்.
கோட்டுக்குக் கீழே ஒரு நெல் அளவு இறங்கியிருந்தது.
தேசிங்கு குனிந்து விரல் வைத்துப் பார்த்தான்.
"கொறஞ்சிருக்குய்யா" என்றான்,
ஏலத்தில் விலை ஏறிவிட்டதைச் சொல்கிற குரலில்.

நாளைக்கும் கலந்த பெட்ரோல்தான் என்றேன்.
அவன் கோபப்படவில்லை.
நகப்பூச்சுக் குப்பியை வாங்கி
புது மட்டத்தில் இன்னொரு கோடு போட்டான்,
கொஞ்சம் கோணலாக.
காயட்டும் என்று ஊதினான்.