பையின் வாய்

ஞாயிறு காலை ஆறரை.
நேற்று பதினெட்டாயிரம் பேர் கத்திய இடத்தில்
இன்று பதினோரு பேர் குனிந்திருக்கிறோம்.
லூத்தரன் தேவாலயக் கூரை ஒழுகுகிறது;
வரிசைக்கு இவ்வளவு என்று கல்லூரி கூலி தருகிறது.
கோப்பைகள், கடலைத்தோல், கடித்துப் போட்ட பிரெட்செல்,
குழந்தையின் ஒற்றைக் கையுறை.
நெப்ராஸ்காவின் அக்டோபர்
அலுமினியப் பலகை வழியாக
முழங்காலுக்குள் ஏறுகிறது.

தோற்றது முப்பத்தொன்றுக்கு ஆறு.
ஆகவே ஒருவரும் வாயை மூடுவதாயில்லை.

"பையனுக்குக் கை போய்விட்டது,"
டயர் கடை வெர்லின் சொல்கிறார்.
"போன வருஷம் கண்ணைக் கட்டிவிட்டாலும் எறிவான்.
இந்த வருஷம் கண்ணைத் திறந்துகொண்டே
எதிராளி நெஞ்சில் கொண்டுபோய் வைக்கிறான்.
மூன்று இன்டர்செப்ஷன்!"
விரல் விட்டு எண்ணுகிறார்.
தடித்த கையுறைக்குள் எந்த விரலும் தெரியவில்லை.

"கோல்ட்டர்மன் கையில் என்ன கோளாறு? லைன்தான் ஓட்டை,"
ஆர்டித் பள்ளி பஸ் ஓட்டுபவள்.
"என் பஸ்ஸில் ஏறும் ஒன்றாம் வகுப்பு
இந்த ஐந்து தடியன்களைவிட நன்றாக வழிமறிக்கும்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

"கூடமே கோணல்தான், வெர்லின்!"

பிறகு, எப்படியும் வந்து சேரும் அந்தப் பெயர்.
டவாரிஸ் பூன்.
மே மாதம் டெக்சாஸில் ஒரு பெரிய கல்லூரி
பெரிய தொகை சொன்னது, போனான்.
அம்மா இரண்டு வேலை பார்ப்பவள், தப்புச் சொல்ல முடியாது
என்று சொல்லிவிட்டுத் தப்புச் சொல்கிறார்கள்.
அவன் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பிவிடுமாம்.
திரும்பும்போது அது வந்து நிற்குமாம்,
கதவு தட்டாத விருந்தாளி போல.

இந்த வாதத்தில் ஓரின் மட்டும் கலப்பதில்லை.
அவர் மேல் வரிசையில் பொறுக்கி எறிவார்;
கீழே படியில் நான் பையின் வாயை விரித்து நிற்பேன்.
பதினாறு வருஷம் அங்கே நின்றவர் மில்ட்.
ஜூனில், நுரையீரலுக்கு உலர்ந்த காற்று வேண்டுமென்று
அரிசோனா போய்விட்டார்.
நான் ஆகஸ்டில் இந்த ஊர் பேங்குக்கு வந்தவள்.

ஓரின் பார்க்காமலே எறிகிறார்.
கோப்பை என் தோளைத் தாண்டிப்
படிப்படியாக உருண்டு போகிறது.
அடுத்ததில் மீந்திருந்த பியர் என் சட்டைக்கையில்.
"அங்கே நின்றிருக்க வேண்டும்," என்கிறார்,
நான் இல்லாத இடத்தைப் பார்த்து.

பலகைக்கடியில் ஈரமான ஆட்டக் கையேடு கிடக்கிறது.
எண்பத்து நான்கு. முதலாம் ஆண்டு. ஐடஹோ.
இன்று காலை யாரும் உச்சரிக்காத பெயர்.
நேற்று நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்:
ஓடினான், திரும்பினான், இரண்டு கையையும் விரித்தான்.
பந்து நாலடி முன்னால்
இன்னும் வேகமான ஒருவனுக்காக விழுந்தது.
ஒவ்வொரு தடவையும் தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினான்,
என் தப்பு, என் தப்பு என்று.

வாதம் இருபத்தாறாம் வரிசைக்கு இறங்கிவிட்டது.
கோச்சின் சம்பளம்; பெஞ்சில் இருக்கும் இன்னொரு பையன்;
வெர்லினின் மச்சான் 'எண்பத்திரண்டில்' பிடித்த ஒரு டச் டவுன்.

"ஓரின்," என்றேன்,
"நான் மில்ட் இல்லை. கொஞ்சம் குட்டை.
இங்கே நிற்கிறேன். இங்கே எறியுங்கள்."

பேச்சு நின்றது.
காலையில் முதல்முறையாக
என் காலணியிலிருந்து முகம் வரை
தூரம் அளப்பவர்போலப் பார்த்தார்.
பிறகு எறிந்தார், கீழ்க்கையால், மெல்ல,
முட்டையை எறிவதுபோல.

இரண்டு வரிசை முன்னாலேயே விழுந்தது.

"இப்போது பயந்து எறிகிறார்!"
வெர்லின் சிரித்துச் சிரித்து இருமினார்.
ஆர்டித் இரண்டு கையையும் குறுக்கே வீசி
நடுவர்போல விசிலடித்தாள்.

நான் ஏறிப்போய்க் கோப்பையை எடுத்தேன்.
இறங்கும்போது
ஒரு படி மேலேயே நின்றுகொண்டேன்.