இடதுபுறப் பின்கதவு

இஞ்சிவிளையில் மழை நின்றுவிட்டது.
களியக்காவிளையில் நிற்கவில்லை.
இடையில் இருப்பது ஒரு செக்போஸ்ட்தான்.

அங்கிருந்து நனைந்து வந்தது வெள்ளைக் கார்.
சீட்டில் பாலித்தீன் உரிக்கவில்லை,
கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலைக்கும்
இன்னும் கடை வாசம்.
இறங்கியவர் தபசிமுத்து.
சட்டைக் கையில் ரப்பர் பால் காய்ந்த கறை.
"மகளுக்குக் குடுக்கது. திங்கக்கிழம கெட்டு.
ஒரு கீறல் விழப்பிடாது, கேட்டியா மக்கா?
பத்து வருசம் இப்பிடியே இருக்கணும்."
காரைத்தான் சொன்னாரா என்று
நான் கேட்கவில்லை.
மகள் பின்னால் ஸ்கூட்டரில் வந்து
நாற்காலியில் உட்கார்ந்து
போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

கழுவினேன். களிமண் கட்டியால் தேய்த்தேன்,
புதுக் கார் என்றாலும் லாரியில் வரும்போதே
ஊர் ஊராய்ப் புழுதி ஏறியிருக்கும்.
பிறகு அளவுமானியை வைத்தேன்.
பானட்டில் நூற்றுப் பத்து மைக்ரான்.
கூரையில் நூற்று ஆறு.
வலக்கதவுகள் நூற்றுப் பன்னிரண்டு, நூற்று ஒன்பது.
இடதுபுறப் பின்கதவில்
இருநூற்று எண்பத்தேழு.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
இருநூற்று எண்பத்தேழு.

யாரோ எங்கோ இடித்திருக்கிறார்கள்.
யாரோ ராத்திரியோடு ராத்திரியாய்
மக்கு பூசி, தேய்த்து, வண்ணம் அடித்து
ஷோரூம் விளக்கின் கீழ் நிறுத்தியிருக்கிறார்கள்.
நல்ல கை. குறை சொல்ல முடியாது.
என் கண்ணுக்கே தெரியவில்லை.

முதலாளி ஷிஜு எண்ணைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"மிண்டாண்டா" என்றான் உதட்டால் மட்டும்.

ஆனால் ஒட்டுகிறவள் நான்.
கம்பெனி வண்ணம் மேலே போட்ட படலத்தை
என்றைக்கும் விட்டுக்கொடுத்துவிடும்.
அடித்த வண்ணம் அப்படியில்லை,
உரிக்கும் நாளில் கூடவே உரிந்து வரும்.
அதனால் சொன்னேன்.

தபசிமுத்து கதவில் பெருவிரலை வைத்துத் தடவினார்,
ரப்பர் ஷீட்டின் கனம் பார்ப்பதுபோல.
"கண்ணுக்குத் தெரியுமா?"
"தெரியாது."
"மாப்பிள வீட்டுக்காரனுக்கு?"
"இந்தக் கருவி கையில் இருந்தால்."
"உரிச்சாத்தானே வரும்?"
"ஆமா."
"அப்போ ஒட்டு பிள்ளே."

பேபி ஷாம்பூ ரெண்டு சொட்டு கலந்த தண்ணீரைத்
தெளித்துத் தெளித்துப் படலத்தை மிதக்கவிட்டேன்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தள்ளினால்
நீர் ஓடும், காற்று ஓடும்,
சொல்ல வேண்டியதும் கொஞ்சம் ஓடிவிடும்.
விளிம்பைச் சூட்டால் இளக்கி
கதவின் உட்பக்கம் மடித்து அழுத்தினேன்.
கைப்பிடிக்குக் கீழே
கடுகளவு ஒரு குமிழ் நின்றது.
வாரத்தில் வற்றிவிடும் என்றேன். அது உண்மைதான்.

மறுநாள் படலத்தின் மேல் செராமிக்.
குறுக்கும் நெடுக்குமாய்த் தடவிவிட்டுக்
காத்திருக்க வேண்டும்.
எண்ணெய் சிந்திய ரோட்டில்போல வானவில் எழும்பும்,
அப்போது துடைக்கணும்.
முந்தினால் பிடிக்காது, பிந்தினால் கறை.
அந்த ஒரு நிமிடத்தில்தான்
அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள்.
"எந்தக் கதவுக்கா?"
துணி ஓடிக்கொண்டிருந்தது, முகத்தால் காட்டினேன்.
"செரி. எனக்குத் தெரிஞ்சாப் போரும்."

உத்தரவாத அட்டை எழுதும்போது
ஷிஜு மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனான்:
பறவை எச்சம், மரப்பிசின், வெயில் மஞ்சளிப்பு,
ஐந்து வருடம்.
மறு வண்ணம் அடித்த பாகம் சேராது,
அதையும் எழுதித்தான் ஆகணும்.
நான் அவளைப் பார்த்தேன்.
"அதை மட்டும் தமிழ்ல எழுதுங்க" என்றாள்.
"அமரவிளையில அவிய வீட்ல
ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது."

எழுதினேன்.
இடதுபுறப் பின்கதவு நீங்கலாக.

ஞாயிறு மாலை வரை நனைக்க வேண்டாம் என்று
அடியில் சேர்த்துக் கையெழுத்திட்டேன்.
செக்போஸ்ட் தாண்டும் முன்பே
மழை பிடித்துக்கொண்டது.