நிறம் மிச்சமில்லை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக் தன் கார்களையெல்லாம்
வயர் போட்டுச் சுவரில் சொருகிவிட்டுத் தூங்குகிறது,
எஞ்சின் உறைந்துவிடாமலிருக்க.
உள்ளே, ஆறாம் மாடி இருட்டறையில்,
கடுகளவு நிணநீர்க் கணு ஒன்று
முப்பத்தேழு பாகைச் சூட்டில் கிடக்கிறது.
அதன் எலிக்கு எண் 4417.
அதற்குமேல் அந்த எலியைப்பற்றி
எழுதிவைக்க எங்களிடம் பத்தி இல்லை.

பச்சை: கிளைச்செல்.
சிவப்பு: ரி செல்.
நீலம்: நாங்கள் ஊசியில் தந்த அந்நியப் புரதம்.
அரை நிமிடத்துக்கு ஒரு படம்.

நேற்றுவரை இந்தப் பச்சை தோலுக்கடியில் இருந்தது,
எல்லாத் திசையிலும் கை நீட்டி
வந்ததையெல்லாம் ருசி பார்த்தபடி.
நீலத்தை விழுங்கியதும்
பசியே விட்டுப்போனது அதற்கு.
கைகளை மடக்கிக்கொண்டு
நிணநீருக்குள் இறங்கிவிட்டது.
திரும்பிப் போகாது.
இங்கேதான், இரண்டு மூன்று நாளில், சாகும்.

விழுங்கியதை முழுதாகக் காட்டுவதில்லை.
நறுக்கி, ஒரு துணுக்கை மட்டும்
தன் மேற்பரப்பின் பள்ளத்தில் பதித்து
ஏந்தி நிற்கிறது.
பகைவனின் முகத்தை இங்கு எவரும் பார்த்ததில்லை.
ஒரு நகத்துண்டு, அவ்வளவுதான்.

சிவப்புகள் வருகின்றன.
தொடும், தடவும், நமக்கில்லை என்று போகும்.
மூன்று நிமிடம். அடுத்தது.
இரண்டரை மணிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு எண்ணினேன்,
பிறகு கோப்பி போடப் போனேன்.

வந்து பார்த்தால்,
கணுவிலேயே குடியிருக்கும் வேறொரு பச்சை
பக்கத்தில் ஒட்டி நிற்கிறது.
நீலப் புள்ளி ஒன்று
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு.
"திருட்டா, தானமா?" என்றாள் ஒறெலி சபூரென்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி.
படத்தில் தெரியாது என்றேன்.
இப்போது சொல்ல இரண்டு பேர்.

மூன்று நாற்பதுக்கு ஒரு சிவப்பு நின்றது.
ஐந்து நிமிடம். இருபது.
உருண்டு திரண்டு, போகவே இல்லை.

துணுக்கு பொருந்தினால் போதாது.
அங்கே ஆபத்து, நான் பார்த்தேன் என்று
இரண்டாவது கை ஒன்றும் தோளில் விழவேண்டும்.
விழாவிட்டால் அந்த ரி செல்
தெரிந்துகொண்டே ஊமையாகிவிடும்.

என் அண்ணன் ரொறன்ரோவில்
ஒரு மேசைக்கு முன்னால்
இப்படித்தான் ஒரு காகிதத்தை ஏந்தி நின்றவன்.
தேதி பொருந்தியது. முத்திரை பொருந்தியது.
எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
நம்பாமலில்லை என்றார்,
கோப்பை மூடினார்.

ஐந்து மணி.
எங்கள் கருவிக்கு மூன்று நிறம்தான்,
மூன்றையும் செலவழித்துவிட்டோம்.
அந்த இரண்டாவது கை விழுந்ததா என்று பார்க்க
நிறம் மிச்சமில்லை.
ஒன்று இரண்டாகிறதா என்று
நாளை மறுநாள் எண்ணிப் பார்க்கலாம்,
வேறொரு எலியில்.

ஒறெலி காரைச் சூடாக்கக் கீழே போய்விட்டாள்.
பேராசிரியருக்கு அனுப்பப் பெயர் கேட்கிறது கணினி.
4417 என்று மட்டும் போட்டேன்.
சிவப்பு இன்னும் அங்கேயேதான்.