ஆற்றுக்கு ராயல்டி இல்லை

சினிமாக் கம்பெனி கேட்ட தொகையைக்
கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்
திருமூர்த்தி சார் சொன்னார்:
"நடிகன் மூஞ்சிக்கு ரெண்டு கோடி.
நொய்யலுக்கு யாருக்குங்க காசு குடுக்கோணும்?"

அப்படித்தான் எங்கள் முதல் பின்பால் மெஷினுக்கு
ஒரு ஆறு கிடைத்தது.

கணபதியில் பம்ப்செட் ஷெட்டைப் பாதியாகத் தடுத்து
ஏசி போட்டார்கள்.
மோட்டாருக்குக் காயில் சுற்றிய ரேணுகாதேவி
ஃப்ளிப்பருக்கும் சுற்றினாள்.
செம்புக் கம்பிக்கு என்ன தெரியும்,
தள்ளுவது தண்ணியா குண்டா என்று.

கண்ணாடிக்கு அடியில், உச்சியில், வெள்ளியங்கிரி.
ஸ்பிரிங்கை இழுத்து விட்டால்
எஃகுக் குண்டு மலையேறித் திரும்பி
ஆறரை டிகிரிச் சரிவில் இறங்கும்.
பேரூர்ப் படித்துறையில் நூறு புள்ளி.
குளம் எட்டு; ஒவ்வொன்றிலும் மூன்று முறை விழ வேண்டும்.
திருப்பூரைத் தொட்டால் விளக்கெல்லாம் நிறம் மாறும்,
அந்த வாரம் எந்தச் சாயமோ அந்த நிறம்.
ஒரத்துப்பாளையத்தில் அணை.
அதற்கும் கீழே, இரண்டு ஃப்ளிப்பருக்கு நடுவே,
எல்லா ஆட்டமும் போய்ச் சேருகிற ஓட்டை.

சாதா மாடல் நாலரை லட்சம். அதில் அணை வெறும் ஸ்டிக்கர்.
ஸ்பெஷல் ஆறேகால். அணை திறக்கும்.
லிமிடெட் ஒன்பது. அதே அணை, அதே திறப்பு,
கூடவே பித்தளைத் தகட்டில் ஒரு எண்.
நூற்றைம்பதுக்கு மேல் ஒன்றுகூடப் போட மாட்டோம் என்று
கொடிசியா ஹாலில் மைக்கில் சத்தியம்.
நாற்பது நிமிஷத்தில் தீர்ந்தது.
மறுநாள் அவிநாசியிலிருந்து ஏழாம் நம்பர்க்காரர்:
"என்ற மச்சினனுக்கு ஆறு குடுத்திருக்கறீங்க.
எனக்கு அஞ்சுக்குள்ள மாத்திக் குடுங்க."

நான் கோகிலவாணி. சர்வீஸ் லைனில் உட்கார்ந்திருப்பவள்.
மெஷின் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது,
வெள்ளம் இன்னும் எழுதி முடியவில்லை.
எட்டுக் குளத்தையும் நிரப்பியவனுக்குத் திரையில்
ஒரே சொல் வரும்: விரைவில்.
புரோகிராம் எழுதுகிற அஸ்லம் தலையைச் சொறிந்தான்.
"பொட்டி போனாத்தான் பில்லு, பில்லு போட்டாத்தான் சம்பளம்.
மீதி ஆட்டத்தை அப்புறமா அனுப்பிக்கலாங்க்கா."

பெங்களூர், கொச்சி, போத்தனூர்.
எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்:
"எப்பங்க தண்ணி வரும்?"
எல்லாருக்கும் ஒன்றையே சொன்னேன்:
"அடுத்த அப்டேட்ல வந்துருமுங்க."

பம்ப்செட்டுக்கும் இதே நம்பர்தான்.
மாற்றினால் பழைய டீலர்கள் தொலைந்துபோவார்கள் என்று
சார் விட்டுவைத்திருந்தார்.
செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகான தூக்க நேரம்.
"சென்னியப்பன் பேசறனுங்க.
மோட்டார் ஓடுது, தண்ணி வரமாட்டேங்குது."
வாய் முந்திக்கொண்டது:
"அடுத்த அப்டேட்ல வந்துருமுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்.
"ஆடிக்கு முன்னயா, பின்னயா?
தேதி தெரிஞ்சா வெதைக்கலாமான்னு பார்ப்பன்."

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல
எனக்கு நாக்கு எழவில்லை.
ஊர் கேட்டேன். ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கம் என்றார்.
புட்வால்வைப் பார்க்கச் சொன்னேன்.
"வால்வு நல்லாத்தானுங்க இருக்குது,
கெணத்துலதான் ஒண்ணுமில்லை" என்றார், சிரித்தபடி.

ரெஜிஸ்டரில் எழுதினேன்.
குறை: தண்ணீர் வரவில்லை.
மாடல் என்ற கட்டத்தில் கை பழக்கத்தில்
நொய்யல் என்று எழுதிவிட்டது.
அடிக்கவில்லை.

நாலரைக்கு டீ வந்தது.
டீயோடு அடுத்த மெஷினுக்கான நோட்டீஸ்,
மை காயாமல், விரலில் ஒட்டுகிற நீலத்தில்:
அமராவதி.
எண்ணிக்கை இருநூறு மட்டும்.
முன்பணம் ஐம்பதாயிரம்.
எக்காரணம் கொண்டும்
திருப்பித் தரப்படமாட்டாது.