ஒன்பதாம் கட்டம்

எட்டாவது கட்டம் வரை சிக்கலில்லை.
உயரம் கண்ணளவு, சுற்றளவு டேப்பளவு.
நெஞ்சு மட்டத்தில் அளக்கச் சொன்னார்கள்,
யார் நெஞ்சு என்று சொல்லவில்லை.
புட்டசாமி ஆறடி. நான் அவர் தோளுக்குக் கீழே.
ஹலசூரில் அவர் அளந்த மரங்களெல்லாம்
நான் அளந்தவற்றைவிட ஒரு விரல் ஒல்லி.

டேப்பைச் சுற்றிக் கொடுக்க
மரத்தைக் கட்டிப்பிடித்தே ஆகவேண்டும்.
பட்டையில் கன்னம் உரசும்.
அந்தப் பக்கமிருந்து வெறும் விரல்கள் வந்து
நுனியை வாங்கிக்கொள்ளும்.

ஒன்பதாம் கட்டத்தில் இரண்டே பதில்.
மனதுக்குள் தமிழாக்கித்தான் படிப்பேன்:
நாட்டு மரம். அயல் மரம்.
ஒன்றைத் தொட்டால்தான்
செயலி அடுத்த மரத்துக்கு விடும்.

மார்ச் மாதம்.
இலையை முழுக்க உதறிவிட்டு
ஊரே ரோஸ் நிறத்தில் நிற்கிறது.
தபேபுயாவின் கீழே
கல்யாணத்துக்கு நாள் குறித்த ஜோடி.
"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க,
உங்க ஆரஞ்சு ஜாக்கெட் ஃபிரேமுல வருது."
தள்ளினேன்.
அந்தப் பெண் அண்ணாந்து சிரித்தாள்:
"எங்க பெங்களூரு!"
நான் அயல் என்று தொட்டேன்.

ஜக்கராண்டா, அயல்.
குல்மொஹர், அயல்.
மொட்டைப் பிதுக்கினால் தண்ணீர் பீய்ச்சுமே, அந்த மரம்,
அதைக் கொண்டு மூன்றாம் வகுப்பில்
நிர்மலா மேரியின் யூனிஃபார்மை நனைத்து
முட்டி போட்டிருக்கிறேன்,
அதுவும் அயல்.
நாற்பத்தோராவதாக ஒரு புங்கம் வந்தது.
அதன் கீழே யாரும் போட்டோ எடுக்கவில்லை.
ஒருவர் மூத்திரம் பெய்துகொண்டிருந்தார்.
அவர் முடிக்கும்வரை காத்திருந்து
நாட்டு மரம் என்று தொட்டேன்.

டீக்கடையில் புட்டசாமி கேட்டார்,
"நிம்ம ஊரு?"
காக்ஸ் டவுன்.
"அதில்ல, ஊரு?"
அப்பாவுக்குக் கோலார் தங்கவயல்.
"அதுக்கு முன்ன?"
சுரங்கத்தைக் கேட்கவேண்டும்.
அதையும் மூடிவிட்டார்கள்.
அவர் சிரித்தார். அவருக்கு கொள்ளேகால்.
மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய்
மறுநாளே தலைவலியோடு வருவார்.

என் பெயர் டெய்சி.
அப்படி ஒரு பூ இருக்கிறதாம்,
நேரில் பார்த்ததில்லை.

கடைசி மரம் ஒரு தூங்குமூஞ்சி.
தெருவின் இந்தக் காம்பவுண்டில் கால்,
அந்தக் காம்பவுண்டின் மாடியில் கை.
டேப் போதவில்லை.
என் துப்பட்டாவை முடிச்சுப் போட்டு நீட்டினோம்.
முந்நூற்றிரண்டாம் வீட்டு ஷெணாய் இறங்கி வந்தார்.
"அயல்னு போடுங்க மேடம்,
வெட்டுறதுக்கு லேசு. வேர் சுவத்தைத் தள்ளுது."
அவர் கார் அந்நேரம்
அதன் நிழலில்தான் இருந்தது.
பிற்பகல் முழுக்க அங்கேயே இருந்திருக்கும்,
பானெட் சுடவில்லை, தொட்டுப் பார்த்தேன்.

எந்தக் கப்பல், எந்தக் கண்டம்
எல்லாம் கையேட்டில் இருக்கிறது.
பொய் சொல்ல முடியாது.
புட்டசாமியிடம் மட்டும் சொன்னேன்:
எங்கள் பாஷையில் அயல் என்றால்
அடுத்த வீடும்தான்.
ராத்திரி சர்க்கரை தீர்ந்தால்
கிண்ணத்தோடு போய் நிற்கிற கதவு.
"செயலிக்குத் தமிழ் தெரியாது" என்றார்,
தகட்டை ஆணியில் மாட்டியபடி.

தொட்டேன்.
பச்சைக் குறி வந்தது. நன்றி என்றது.

ஷெணாய் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.
ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
தலைக்கு மேலே இலைகள்
ஒவ்வொன்றாய் மடியத் தொடங்கின,
இந்தத் தெருவில் வெயில் இறங்குகிற கணக்குக்கு.
துப்பட்டாவின் முடிச்சு இறுகியிருந்தது.
பல்லால் கடித்து அவிழ்த்தேன்.