பன்னிரண்டு தப்படி

டர்பன் நீதிமன்றத்துக்கு
போர்வையில் சுற்றி வந்தது படம்.
வரைந்தது முப்பத்தெட்டாம் வருஷம்,
மேபல் ஹார்ட்லி என்ற வெள்ளைக்காரி.
வெருலத்துக்கு மேலே, உம்ட்லோட்டி ஆற்றோரம்
குடைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்தாளாம்.

நடுவில் பண்ணைவீடு.
சிவப்புத் தகரக் கூரையில் வெயில்
வெண்ணெய் மாதிரி அப்பிக் கிடக்கிறது.
தூண்களின் நிழல் நீலம்.
கரும்பு கரும்பாக இல்லை;
பச்சையும் மஞ்சளும் முண்டியடிக்கும் கூட்டம்.
வெளிச்சம் மாறுவதற்குள் முடித்துவிடும் அவசரம்
எங்கும் தெரிகிறது.

இடது ஓரத்தில் மூன்று தீற்றல்.
ஒன்று பழுப்பு. ஒன்று சாம்பல்.
இன்னொன்று, விரலால் தொட்டதுபோல், ஆரஞ்சு.

எங்கள் வழக்கு அந்த மூன்று தீற்றல்தான்.
பத்திரம் கிடையாது. வரி ரசீது வெள்ளத்தில் போயிற்று.
அறுபத்தாறில் லாரி வந்து எங்களை
சாட்ஸ்வர்த்தில் இறக்கிவிட்டபோது
வீட்டை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை.

எதிர்த்தரப்பு க்ளொப்பர்
பல்கலைக்கழகத்து நிபுணர் ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தார்.
மென்மையாகத்தான் சொன்னாள்:
"இந்தப் பாணிக்காரர்கள் பொருளை வரைவதில்லை.
பொருள்மேல் விழும் ஒளியை வரைகிறார்கள்."
எங்கள் வக்கீல் யோகன் கேட்டான்:
"எந்தப் பொருள்மேல், அம்மணி?"

அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள்.
கிட்டப் போனால் வெறும் சாயம். எனக்குத் தெரியும்.
முந்தின வாரமே காட்சிக்கூடத்தில் அளந்துவிட்டேன்.
முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன்,
தூரம் கண்ணிலேயே நிற்கும்.
ஆறு தப்படியில் சேறு.
ஒன்பதில் ஏதோ ஒரு சரிவு.
பன்னிரண்டில் கூரை, சுவர், புகை,
சுள்ளென்று எங்கள் வீடு.

நீதிபதியின் மேடையிலிருந்து ஆறு தப்படி.

யோகன் அதைச் சொன்னதும்
அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார்.
பின்னால், இன்னும் பின்னால்.
நாங்கள் பெஞ்சை நகர்த்தி வழிவிட்டோம்.
கடைசி வரிசையில்
எங்கள் சாப்பாட்டுக் கூடைகளுக்கு நடுவே நின்று
கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது பார்த்து என் அக்கா அங்கம்மா,
யாரும் கேட்காமலே, உரக்க:
"அது அடுப்பு நெருப்பு இல்ல. என் பாவாடை.
கொடியில காஞ்சது, அன்னிக்கே காத்துல போயிடுச்சு.
அம்மா வெளக்குமாத்தால அடிச்சா."

யோகன் தலையில் கைவைத்தான்.
நெருப்பு என்றுதான் மனுவில் எழுதியிருந்தோம்.
மொழிபெயர்ப்பாளர் பாவாடைக்கு ஆங்கிலம் தேடினார்.
ஆகஸ்ட் பதினேழுக்கு ஒத்திவைத்தார்கள்.

படியில் இறங்கும்போது
படம் எங்களைத் தாண்டி வண்டிக்குப் போனது.
அந்த மூன்றில் நான் இல்லை, அப்போது பிறக்கவேயில்லை.
உனக்கு எட்டு வயதிருக்குமே, நீ எங்கே என்றேன்.

"நான் எப்படி அதுல இருப்பேன்?
அவ தண்ணி கேட்டா. சொம்புல கொண்டு போனேன்.
குடைக்குப் பின்னாலயே நின்னு
அவ கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."